இரண்டே கால் மில்லிமீட்டர்

ஆனி பிறந்து ஒன்பதாம் நாள்
நாற்பத்து மூன்று பெட்டிகள் திரும்பி வந்தன.
சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம்.
விடிகாலை நாலரைக்கு
மோட்டார் தானாக ஓடுகிறதாம்.
"உங்க கன்ட்ரோலருக்குப் பேய் புடிச்சிருக்கு"
ரசீதின் பின்பக்கம் எழுதி அனுப்பியிருந்தார் ஒருவர்.

அதே பெட்டிதான் பொங்கலூரில்
இரண்டு வருடமாகச் சொன்ன பேச்சு கேட்கிறது.
சாவடியில் எங்கள் மேசைமேலும்
பகல் முழுக்கச் சமர்த்தாக இருந்தது.
ரிலேயை மாற்றினோம்.
புரோகிராமைத் திருத்தினோம், திருத்தியதைத் திருத்தினோம்.
வனரோஜா மூன்று இரவு ஷெட்டிலேயே விழித்திருந்து
கொசு கடித்த கையோடு சொன்னாள்:
ஒன்றும் நடக்கவில்லை மேடம்.

அந்த வாரம்தான் மயில்சாமி வந்தார்.
வார்னிஷும் ஈயமும் தருபவர்,
நான்கு மாத பாக்கி.
செக் புத்தகத்தைத் தேடுவதுபோல் நான் குனிந்திருக்க
அவர் போர்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பாக்கி கெடக்கட்டுங்க.
முந்தின வருசம் கஞ்சிக்கோட்டு ரெஜிமோனுக்கும்
இதே கூத்துதான்.
ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

ரெஜிமோன்!
குடிநீர் டெண்டரில் பதினெட்டு ரூபாய் குறைத்துப் போட்டு
எண்ணூறு பெட்டிகளை
என் கைக்கெட்டிய தூரத்தில் அள்ளிப்போனவர்.

வாளையாறில் லாரிகளுக்குப் பின்னால்
முக்கால் மணி நேரம்.
எப்படி ஆரம்பிப்பது என்று
ஸ்டியரிங்கிடம் ஒத்திகை பார்த்தேன்.
கண்ணாடியை இறக்கியதும்
கணவாய்க் காற்று முகத்தில் ஈரத்துணி போல் ஒட்டியது.
விடை அதுதான்.
அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவர் ஒத்திகைக்கு இடமே தரவில்லை.
கட்டன் சாயா வந்தது, ஒரு நோட்டும் வந்தது.
தோற்றுப்போனவை மட்டும் எழுதிய நோட்டு.
எல்லாம் மலையாளம்.
தெரிந்த எழுத்து மாதிரியே வளைந்து
கிட்டப் போனால் கைவிடும் எழுத்து.
எண்களை மட்டும் படித்தேன்:
4.30. 96. மறுபடி 4.30.
மிச்சத்தை அவருடைய டெஸ்டிங் ஷீபா
வரி வரியாகத் தமிழில் சொன்னாள்:
பற்றவைத்த பிசின் சரியாகக் கழுவப்படவில்லை,
மேல்காற்றின் ஈரத்தை அது இரவெல்லாம் குடிக்கிறது,
விடியலில் இரண்டு தடங்களுக்கு நடுவே
மின்சாரம் ஒற்றையடிப் பாதை போட்டுவிடுகிறது.

அப்புறம்?
"நடுவிலே அறுத்துவிட்டேன்" என்றார் ரெஜிமோன்.
போர்டில் ஒரு மெல்லிய பிளவு.
தாண்ட முடியாமல் கரையிலேயே நின்றுவிடும்.
மலையில் ஒரு பிளவு வழியாக வந்த தொல்லையை
பச்சைப் பலகையில் ஒரு பிளவு நிறுத்துகிறது.

எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டேன்.
பணம் வேண்டாமாம்.
கிழக்கே உடுமலைப் பக்கம் விற்கப் போகிறாராம்,
அங்கே மின்னலில் அவர் பெட்டிகள் எரிகின்றன.
எங்களிடம் ஆறு வருடக் கணக்கு இருக்கிறதாமே,
எந்த ஊர், எந்த மாதம், எவ்வளவு வோல்ட்.
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
மயில்சாமியின் வேன்
எல்லா வாசலிலும்தானே நிற்கிறது.

அன்றிரவு அனுப்பினேன்.
மூன்று வருடத்தை மட்டும்.
மீதி மூன்றை அனுப்ப எனக்கு
பதினோரு நாள் ஆயிற்று.
அந்தப் பதினோரு நாளும் அவர்
நன்றி என்று ஒரு வரி தவிர
வேறெதுவும் கேட்கவில்லை.
அதுதான் உறுத்தியது.

மார்கழி டெண்டரில்
நான் ஆறு ரூபாய் குறைத்துப் போட்டேன். கிடைத்தது.
மறுநாள் காலை போன்.
ரெஜிமோன் என்று திரை ஒளிர
இரண்டு மணியோசை விட்டு எடுத்தேன்.
டெண்டரைப் பற்றிப் பேச்சே இல்லை.
"பிளவு எத்தனை அகலத்தில் நிறுத்தினீர்கள்?
எனக்கு ரெண்டில் இன்னும் சிலது கசிகிறது."

எதிரே வனரோஜா என்னையே பார்த்தாள்.
அந்த அளவைக் கண்டுபிடிக்க
அவள் எழுபது போர்டுகளை வெட்டியிருந்தாள்.
நான் புருவத்தால் கேட்டேன்.
அவள் பேனா மூடியைக் கடித்தாள்,
பிறகு போனை வாங்கிக்கொண்டு
தானே சொன்னாள்:
இரண்டே கால்.